மண்ணுக்கடியில் மலர்ச்சோலை

மண்ணுக்கு மேலே மலர் பூக்கும்; மண்ணுக்குக் கீழே வேர் ஓடும். இஃது இயற்கை வகுத்த முறை. மண்ணுக்குக் கீழேயே மலர் பூத்துக் குலுங்கும் இடம் ஒன்று உண்டு என்று சொன்னால், "புராணம் படிக்கத் தொடங்கிவிட்டாயோ!" என்று கேலி பேசத் தோன்றும். புராணமல்ல தோழர்களே, வரலாறு! மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. மனிதர் கை செய்த வேலை.

நியூயார்க் நகரிலே 28ஆம் தெரு நிலையம் என்று ஒன்று. தரைக்கு அடியில் ஓடும் இரயில் நின்று செல்லும் இடம். படியிறங்கிப் போனால் சுவரிலே மக்னோலியா விரிந்திருக்கும்; கமேலியா இதழ் அவிழ்த்திருக்கும்; டாஃபடில் தலை நிமிர்ந்து நிற்கும். நீர் ஊற்றுவார் இல்லை. வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. ஆயினும் அவை வாடுவதில்லை. ஏனெனில் அவை கண்ணாடிச் சில்லுகளால் ஆன மலர்கள். நான்சி பிளம் என்னும் ஓவியர், அந்நிலையத்துக்கு அருகேயுள்ள மேடிசன் சதுக்கப் பூங்காவின் செடிகளைக் கண்டு தீட்டிய ஓவியம், 2018ஆம் ஆண்டு சில்லு சில்லாய்ச் சுவரிலே பதிக்கப்பட்டது. மொசைக் என்பர் இக்கலையை. நமக்கு அது வீட்டுத் தரையின் பெயர். அங்கே அது ஓவியத்தின் பெயர்.

"எங்கோ உள்ள நியூயார்க்கிலே சுவர் பூத்தால், படப்பைக்கு என்ன வந்தது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடை சொல்கிறேன்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையிலே படப்பை. விடியுமுன் அச்சாலையின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரவு ஷிப்டு முடித்துத் திரும்புவோர் ஒருபுறம். காலை ஷிப்டுக்குச் செல்வோர் மறுபுறம். இரு சாராரும் சன்னலிலே தலைசாய்த்து உறங்குவர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலே ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கிற்று. 2000இல் திருப்பெரும்புதூரிலே செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை எழுந்தது. 2010இல் ஒரகடத்திலே ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. உலகம் ஓட்டும் வண்டியை உருவாக்கும் கைகள் இங்கே இருக்கின்றன. அந்தக் கைகளுக்குரியவரின் கண்களுக்கு நாளெல்லாம் காணக் கிடைப்பது என்ன? தகரக் கொட்டகை, கான்கிரீட் மதில், விளம்பரப் பலகை! அழகு அவர்களுக்கு ஆகாத பண்டமா? அதைக் காண அரைநாள் விடுப்பும் கட்டணச் சீட்டும் வேண்டுமா?

அழகு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியைக் கையிலே பிடித்துக்கொண்டு வரலாற்றின் வாயிலைத் தட்டுவோம்.

சில்லு பதிக்கும் கலைக்கு வயது ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மெசபடோமியாவின் உருக் நகரிலே களிமண்ணைக் கூம்பு கூம்பாகச் சுட்டு, தலையிலே வண்ணமிட்டு, ஈரச் சுவரிலே வரிசையாய் அழுத்தினார்கள்; கோலம் பிறந்தது. பிறந்த இடம் கோயில். ரோமர் காலத்துப் பாம்ப்பேயி நகரிலே மீனும் நண்டும் எட்டுக்கால் கணவாயும் உயிரோடு துள்ளுவதுபோல் சில்லிலே அமைத்தார்கள். அலெக்சாந்தர் போர் புரியும் காட்சியைப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சில்லுகளால் தரையிலே விரித்தார்கள். விரித்த இடம் செல்வர் மாளிகை. உணவுத் தட்டை ஏந்தி அத்தகைய தரைமீது நடந்த அடிமைக்கு, குனிந்து அந்த மீனை ஒரு நொடி பார்த்து மகிழ நேரம் தந்தவர் யார்? கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பல் ஆண்டானையும் அடிமையையும் ஒன்றாக மூடிற்று. சமத்துவம் சாம்பலிலேதான் கிடைத்தது அவர்களுக்கு! எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் சுவரிலே மரமும் ஆறும் மாளிகைகளும் பொன்னொளிச் சில்லிலே எழுந்தன. கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் அதுவும் வழிபாட்டு இடம்.

கோயில், மாளிகை, பள்ளிவாசல்: கலையின் முகவரி நெடுங்காலம் இவையே. கடைத்தெருவும் கால்நடைப் பாதையும் அந்த முகவரியில் இடம்பெறவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல். பாறையைக் குடைந்து அமைத்த சமணக் குடைவரையின் மேற்கூரையிலே ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன் நீந்துகிறது, பறவை மிதக்கிறது, யானை இறங்குகிறது, மாந்தர் மலர் கொய்கின்றனர். சில்லுப் பதிப்பல்ல, தீட்டிய ஓவியம். ஆனாலும் எண்ணிப் பாருங்கள்: கல்லுக்குள்ளே குளம்! இருட்டுக்குள்ளே தாமரை! 28ஆம் தெரு நிலையத்தின் கருத்தை, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழகம் கண்டுவிட்டது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்திலே மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குடைவரையைப் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. தூரிகை பிடித்தவன் பெயரை அது சொல்லவில்லை. பணி செய்தவன் பெயர் மறைவதும், பணி செய்வித்தவன் பெயர் நிலைப்பதும் நம் நாட்டு வரலாற்றிலே புதிதல்ல.

பின்னர்ப் பெருங்கோயில்கள் எழுந்தன. தூணெல்லாம் கொடி; மதிலெல்லாம் யானை; விதானமெல்லாம் தாமரை. அத்தனை அழகையும் செதுக்கியவன் உழைப்பாளி. ஆனால் கல் சுமந்தவன் பேரன் அந்தத் தூணைக் கிட்ட நின்று பார்க்க முடிந்ததா? "கோபுரத்தைத் தூர நின்று கும்பிடு, உள்ளே காலெடுத்து வைக்காதே!" என்றல்லவோ ஒதுக்கி வைத்தார்கள்! 1924இல் வைக்கத்திலே, கோயிலுக்குள் நுழைய அன்று, கோயிலைச் சுற்றியிருந்த தெருவிலே நடக்கவே போராட வேண்டியிருந்தது. பெரியார் சிறை புகுந்தார். 1939இல் மதுரை மீனாட்சி கோயிலின் கதவு ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தது. சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947இல்! நூற்றாண்டு நூற்றாண்டாக நம் கலைச்செல்வம் நம்மவரிலேயே பலருக்கு அயல்நாட்டுச் செல்வமாக இருந்தது. அழகுக்கும் வாசற்படி வைத்தார்கள். அந்த வாசற்படியிலே சாதியைக் காவல் வைத்தார்கள்.

இந்தப் பின்னணியை மனத்திலே நிறுத்திக்கொண்டு நியூயார்க்குக்குத் திரும்புங்கள்.

1904, அக்டோபர் 27. அந்நகரின் முதல் நிலத்தடி இரயில் ஓடத் தொடங்கிற்று. இருபத்தெட்டு நிலையங்கள். முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவினை கிடையாது. செல்வனுக்கும் கூலியாளுக்கும் ஒரே கட்டணம், ஐந்து சென்ட். இந்தப் பாதை அமைப்பதற்கான ஒப்பந்தத்திலேயே, இது ஒரு பெரும் பொதுப்பணி. ஆகவே பயன் மட்டும் போதாது, கண்ணுக்கு இனிதாகவும் இருத்தல் வேண்டும் என்ற கருத்தை எழுதி வைத்தார்கள். எழுதியதைச் செய்தும் காட்டினார்கள். ஹைன்ஸ், லஃபார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர்கள் நிலையச் சுவர்களுக்கு வண்ண ஓடும் சில்லுப் பட்டைகளும் வகுத்தனர். நிலையத்துக்கு நிலையம் ஓர் அடையாளச் சின்னமும் வைத்தனர். கொலம்பஸ் சதுக்கத்திலே பாய்மரக் கப்பல். ஆஸ்டர் பிளேஸ் நிலையத்திலே பீவர். மரத்தைப் பல்லால் அறுத்து, ஆற்றுக்கு அணைகட்டி வாழும் விலங்கு அது. பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்து குவிந்த மக்கள், ஆங்கில எழுத்து அறியாதோர், படத்தைக் கண்டு இறங்கவேண்டிய இடத்தை அறிந்துகொண்டனர் என்பர். படிக்கத் தெரியாதவனைத் தலைகுனிய வைக்காமல் வழிகாட்டிய கலை!

வண்ணம் தீட்டாமல் சில்லு பதித்தது ஏன்? நிலத்தடியிலே ஈரம் கசியும். சக்கரத் தூசு படியும். ஆயிரக்கணக்கான தோள்கள் உரசிச் செல்லும். தீட்டிய ஓவியம் சில ஆண்டுகளில் உரிந்துபோகும். சுட்ட ஓடும் கண்ணாடியும் கழுவக் கழுவ ஒளிரும். செய்முறையும் எளிதன்று. ஓவியத்தை முழு அளவிலே தாளில் இடவலம் மாற்றி வரைவர். சில்லுகளை நிறம் பார்த்து, வெட்டி, முகம் கீழாக அத்தாளிலே ஒட்டுவர். பகுதி பகுதியாக நிலையத்துக்குக் கொணர்ந்து, சாந்து பூசிய சுவரிலே அழுத்துவர். சாந்து இறுகியபின் தாளை நனைத்து உரிப்பர். அப்போதுதான் ஓவியம் முகம் காட்டும். ஒரு சில்லுக்குத் தனியே பொருளில்லை. ஒரு சில்லு விழுந்தாலோ ஓவியத்திலே புண். மக்கள் கூட்டத்துக்கு இதைவிட நல்ல உவமை வேண்டுமா?

அந்தப் பாதையைத் தோண்டியவர் யார்? ஏறத்தாழ 7,700 தொழிலாளர். இத்தாலியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தோர் அவர்களிலே பலர். 1903, அக்டோபர் 24 அன்று, அதே பாதையின் வடபகுதியில், ஃபோர்ட் ஜார்ஜ் என்னுமிடத்திலே சுரங்கக் கூரைப் பாறை சரிந்து பத்துப் பேர் மாண்டனர். சுவரிலே கப்பல் உண்டு, பீவர் உண்டு. அந்தப் பத்துப் பேருக்குச் சுவரிலே இடம் கிடைக்கவில்லை.

உழைப்பவன் உருவத்தையும் சுவரேற்றியவர் உண்டா? உண்டு. ஸ்டாக்ஹோம் நகரின் மைய நிலையத்திலே, 1975இல் பேர் ஊலோஃப் உல்ட்வேட் என்னும் ஓவியர் குகைபோன்ற பாறைக் கூரை முழுவதும் நீலக் கொடியும் இலையும் படரவிட்டார். சில்லு அல்ல, வண்ணம். அங்கேயே, அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளரின் நிழலுருவங்களையும் தீட்டினார். தினம் அவ்வழி செல்வோர் இலையை மட்டும் காண்பதில்லை. ஏணியில் நின்றவனையும் கருவி பிடித்தவனையும் காண்கிறார்கள்.

மாஸ்கோவையும் சொல்லாமல் விட முடியாது. 1938இல் திறந்த மாயகோவ்ஸ்கி நிலையத்தின் கூரையிலே அலெக்சாந்தர் தைனேக்காவின் சில்லோவியங்கள் வானத்தையும் பழமரக் கிளையையும் காட்டின. ஆட்சியின் புகழ் பாடும் நோக்கமும் அவற்றிலே கலந்திருந்தது. அதை மறைப்பது பகுத்தறிவாகாது. நான் சொல்ல வந்தது அவற்றைப் பதித்த விளாதிமிர் ஃப்ரோலோவ் பற்றி. அவர் பட்டறை, அரசர் ஆட்சிக் காலத்திலே பீட்டர்ஸ்பர்க்கின் பெருந்தேவாலயம் ஒன்றுக்குச் சுவரெல்லாம் சில்லு பதித்தது. அதே கைத்திறன் பின்னர்த் தேவாலயத்தைவிட்டு இரயில் நிலையத்துக்கு இறங்கி வந்தது. அடுத்த நிலையத்துக்கான ஓவியங்களை, முற்றுகைக்கு உள்ளான லெனின்கிராடிலே பசிக்கும் குண்டுக்கும் நடுவே செய்து முடித்து, 1942இல் அங்கேயே அவர் உயிர் துறந்தார். அரசருக்காகச் செய்ததை அல்ல, அன்றாடம் இரயிலேறும் மக்களுக்காகச் செய்ததையே அக்கலைஞரின் கடைசி வேலையாக வரலாறு குறித்துக்கொண்டது.

ஆக, கலை இறங்கி வந்தது. கோயிலிலிருந்து தெருவுக்கு, மாளிகையிலிருந்து மண்ணுக்கடிக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் தோழர்களே, கதை இங்கே முடிந்துவிட்டால், வாழ்த்துப் பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முடியவில்லை. ஆஸ்டர் பிளேஸ் சுவரிலே ஒரு பீவர் பொறித்திருக்கிறது என்றேனே, அதன் கதையைக் கேளுங்கள்.

ஆஸ்டர் என்பது ஓர் ஆளின் பெயர். ஜான் ஜேக்கப் ஆஸ்டர். ஜெர்மனியில் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, அமெரிக்கா வந்து, 1808இல் தோல் வாணிபக் கழகம் தொடங்கி, 1848இல் இறக்கும்போது அந்நாட்டின் பெருஞ்செல்வராக இருந்தவர். அச்செல்வத்துக்கு அடிப்படை எது? பீவரின் தோல். ஐரோப்பிய கனவான்களின் தலைக்குத் தொப்பி வேண்டும். அதற்காக ஆறு ஆறாகப் பீவரைப் பிடித்துக் கொன்றனர். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நியூயார்க் மாநிலத்திலே பீவர் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. 1904இல் சுவரிலே பீவர் ஏறியபோது, நகரின் ஆற்றிலே பீவர் இல்லை! கொன்றவன் பெயரால் நிலையம். கொல்லப்பட்டதன் உருவம் சுவரில். இது மரியாதையா, நடுகல்லா?

அதே நகரின் டெலான்சி தெரு நிலையத்திலே 2004இல் மிங் ஃபே என்னும் கலைஞர் பெரிய பெரிய ஷாட் மீன்களைச் சில்லிலே நீந்தவிட்டார். அவர் சீனத்திலே பிறந்து அமெரிக்காவிலே வாழ்ந்தவர். கடல் கடந்து வந்த மக்களுக்கு, கடலிலிருந்து ஆறு ஏறி வரும் அம்மீனை உவமையாக்கினார். அருமையான எண்ணம். ஆனால் ஆறே ஆண்டுகளில், 2010இல், ஹட்சன் ஆற்றிலே ஷாட் மீன் பிடிப்பதையே தடைசெய்ய நேர்ந்தது. மீன் அவ்வளவு அருகிவிட்டது. சுவரிலே மீன் பெருத்தது. ஆற்றிலே மீன் சிறுத்தது.

நம்பிக்கை இழக்க வேண்டாம், மறுபக்கமும் உண்டு. 2007இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் ஆற்றிலே ஒரு பீவர் தென்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்நகருக்கு வந்த முதல் பீவர் அது. தானாகவா வந்தது? கழிவு கொட்டும் சாக்கடையாய்க் கிடந்த ஆற்றை, அக்கரையோரம் வாழ்ந்த எளிய மக்கள் ஆண்டுக்கணக்கிலே தூர்வாரித் துப்புரவு செய்தார்கள். அதற்கு அரசுப் பணம் பெற்றுத் தந்த ஹோசே செரானோ என்னும் மக்கள் பிரதிநிதியின் பெயரை அந்தப் பீவருக்குச் சூட்டி மகிழ்ந்தார்கள். சுவரோவியம் ஆற்றைத் துலக்கவில்லை. மக்கள் கைதான் துலக்கிற்று. ஆனால் "இது நம்முடைய விலங்கு" என்ற நினைவு நூறாண்டு சுவரிலே உயிரோடு இருந்தது. நினைவு இருந்தால் மீட்கலாம்; நினைவும் அழிந்தால் எதை மீட்பது?

இப்போது படப்பைக்குத் திரும்புவோம். அருகே மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டிலே நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்று. போர் போயிற்று, ஏரி நிலைத்தது. இந்த வட்டாரத்து ஏரிகளின் நீர்தான் அடையாற்றுக்குத் தலைநீர். நாணல், அல்லி, கரையோரப் பனை, கொக்கு, நாரை, நீர்க்கோழி: இவை இம்மண்ணின் பழங்குடிகள். ஏரியும் கால்வாயும் சுருங்கினால் வெள்ளம் என்ன செய்யும் என்பதை 2015 டிசம்பரிலே அடையாற்றங்கரை கண்ணீரோடு கற்றது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்திலே தங்கள் ஏரியும் வயலும் போய்விடும் என்று ஏகனாபுரம் மக்கள் 2022இல் தொடங்கிய போராட்டத்தை நாடறியும்.

நிலத்தடி இரயில் நமக்கும் புதிதல்ல. 1984இல் கல்கத்தாவிலே இந்தியாவின் முதல் நிலத்தடி இரயில் ஓடியபோது, பெட்டி செய்து அனுப்பியது நம் பெரம்பூர் ஆலை. இரவீந்திர சதன் நிலையத்திலே வங்கம் தன் கவிஞர் தாகூரின் கையெழுத்தைச் சுவரேற்றி வைத்தது. சென்னையிலே 2015, ஜூன் 29இல் மெட்ரோ ஓடிற்று. 2017, மே 14இல் அது நிலத்தடியிலும் இறங்கிற்று. பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியே சுங்குவார்சத்திரம், பரந்தூர் நோக்கி நீட்டுவதற்கும் திட்டம் வகுத்திருக்கிறார்கள். மண்ணுக்கடியிலோ, தூணுக்கு மேலோ, நாளை ஆலைத் தொழிலாளர் ஏறி இறங்கும் நிலையங்கள் இப்பகுதியிலே எழும். அப்போது அந்தச் சுவரிலே என்ன இருக்கும்? விளம்பரமா? நம் ஏரியா?

"வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடுபவனுக்குச் சுவரிலே பூ எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கூலிக்குப் பதிலாகப் பூவைக் கொடுத்தால் அது ஏமாற்று; முதல் குரல் கொடுத்து எதிர்ப்போம். ஆனால் கூலி ஒன்றே போதும், அழகு மேட்டுக்குடியின் தனிச்சொத்து என்பதும் பழைய வாசற்படியைப் புதிய இடத்திலே வைப்பதுதான். "பணம் எங்கே?" என்பார்கள். சண்டிகரிலே நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், உடைந்த வளையலும் பீங்கானும் ஓடும் பொறுக்கி, ஆண்டுக்கணக்கில் யாருமறியாமல் பறவையும் விலங்கும் மாந்தரும் செய்து குவித்தார். 1976இல் அது மக்கள் காணும் பாறைத் தோட்டமாயிற்று. அரசு ஊழியர் ஒருவர் குப்பையைக் கொண்டு செய்ததை, கார் செய்யும், கண்ணாடி செய்யும் வட்டாரம் செய்ய முடியாதா?

எனவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். நம் நிலையச் சுவரிலே நாரை வேண்டும், அல்லி வேண்டும், பனை வேண்டும். அதைப் பதிக்கும் கை இவ்வூர்க் கையாக இருக்கட்டும். பதித்தவர் பெயரும், தோண்டியவர் பெயரும், தோண்டும்போது மாண்டவர் இருந்தால் அவர் பெயரும் அதே சுவரிலே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரிலே நாரையைப் பதிக்கும் அதே ஆண்டிலே, அந்த நாரை இறங்கும் ஏரியின் எல்லைக் கல்லையும் நடட்டும். சுவருக்கு மட்டும் சில்லு பதித்துவிட்டு ஏரிக்கு மண் கொட்டினால், அது கலையல்ல, கருமாதி.

படப்பைச் சாலையிலே பேருந்துச் சன்னலிலே தலைசாய்த்து உறங்கும் இளைஞனே, நாளை நீ இறங்கும் நிலையத்திலே ஒரு நொடி நின்று சுவரைப் பார்ப்பாய். அங்கே சில்லு நாரை நிற்கும். படியேறி வெளியே வந்து நிமிர்ந்து பார். அங்கே நாரை பறந்தால், அந்தச் சுவர் உன்னுடையது. பறக்கவில்லையென்றால், அது ஏன் என்று கேட்கும் உரிமையும் உன்னுடையது. கேள்!